சூளைப் பிள்ளைகள பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டு வரணும்னா

வடக்க இருந்து நம்ம திருநெல்வேலி பக்கம் சூளை வேலைக்கு வந்திருக்க குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தணும்னா, மொதல்ல சாயங்காலம் அவங்க ஷெட்டுக்கே போய் உக்காந்து பேசுங்க, பகல்ல எல்லாரும் வேலைல நிப்பாங்க. டிசி இல்ல, பிறப்பு சர்டிபிகேட் இல்லன்னு யாரையும் திருப்பி அனுப்பிராதீங்க, 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6லேருந்து 14 வயசு வரைக்கும் அதக் காரணமா சொல்லவே கூடாது, வயசுக்கேத்த கிளாஸ்லதான் சேக்கணும். எங்ககிட்ட ஒரு பிள்ள பத்து நாளா வாயே தொறக்கல, சோறு திங்கும்போது விக்கல் எடுத்து 'தண்ணி'ன்னுச்சு, அதான் மொத வார்த்த. அதனால எழுத்து பைய வரட்டும், பேச்சுதான் முக்கியம். பெரிய பிள்ள வரலன்னா வீட்ல சின்னப் பிள்ளையப் பாத்துக்கிட்டு இருக்கும், அந்தச் சின்னத அங்கன்வாடில விட்டா அக்கா வந்துரும். ரேஷன் கார்டு ஊர்ல கெடக்குன்னு அம்மாமாரு சொல்லுவாங்க, ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்துல இங்கயே வாங்கலாம், ஒருதடவ கூடவே கடைக்குப் போங்க.