கண்ணுக்குக் கீழே போட்ட ஃபில்லர் சரியில்லையா? திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்ணுக்குக் கீழே விழும் குழியை நிரப்ப ஃபில்லர் ஊசி போட்டுக்கொள்கிறவர்களில் சிலர், கொஞ்ச காலத்தில் வேறொரு கவலையோடு கண்ணாடி முன் நிற்கிறார்கள். குழி போய்விட்டது, ஆனால் அந்த இடம் எந்நேரமும் உப்பியே இருக்கிறது. அல்லது தொட்டால் சின்ன உருண்டை தட்டுப்படுகிறது. அல்லது முன்பு இல்லாத ஒரு நீலம் தெரிகிறது. இவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிட முடியும். அதே நேரம், முதலில் போட்ட ஊசியை விட அதைத் திருத்துகிறேன் என்று போட்ட இரண்டாவது, மூன்றாவது ஊசிதான் பலரைப் பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடுகிறது. உள்ளே இருப்பது என்ன, எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்காமலே திருத்தத் தொடங்குவதுதான் அதற்குக் காரணம்.

காத்திருக்கவே கூடாத நேரம்

முதலில் ஆபத்தானதைச் சொல்லிவிடுகிறேன். ஊசி போடும்போது ஃபில்லர் ஒரு ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்துவிடலாம், அல்லது வெளியிலிருந்து குழாயை நெருக்கலாம். இது அரிதுதான். ஆனால் நடந்தால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். தோல் திடீரென்று வெளுத்துப்போவது, வலை பின்னியது போல நீலமும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாகத் தெரிவது, வழக்கத்துக்கு மீறிய வலி, விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் திரும்பத் தாமதமாவது ஆகியவை இதன் அடையாளங்கள். ஊசி போட்ட உடனேயும் வரலாம், வீட்டுக்குப் போன பிறகு சில மணி நேரம் கழித்தும் வரலாம். வலி இல்லாமலே வருவதும் உண்டு, ஏனென்றால் பல ஃபில்லர்களில் மரப்பு மருந்து கலந்தே வருகிறது.

மூக்கோரமாகக் கண்ணை நோக்கி ஏறும் தமனி, கண்ணுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் கிளைகளோடு இணைகிறது. அதனால் ஃபில்லர் பின்னோக்கித் தள்ளப்பட்டு விழித்திரைக்குப் போகும் ரத்தத்தை நிறுத்திவிட வாய்ப்பு இருக்கிறது. விழித்திரை ரத்தம் இல்லாமல் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பதுதான் மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. அதற்கும் முன்பே பாதிப்பு தொடங்கிவிடலாம். பார்வை மங்கினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், கண்ணுக்குள் வலித்தால், இமை திடீரென்று தொங்கினால், கிளினிக்குக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பிவிட்டுப் பதிலுக்காக உட்கார்ந்திருக்காதீர்கள். "ஐஸ் வையுங்க, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொன்னால் அதை ஏற்காதீர்கள். ரத்த ஓட்டம் தடைப்பட்ட இடத்தில் ஐஸ் வைப்பது குழாயை இன்னும் சுருக்கும். கண் பிரிவு உள்ள மருத்துவமனையின் அவசர சிகிச்சைக்கு நேராகப் போய், "ஃபில்லர் போட்டிருக்கிறேன், இத்தனை மணிக்குப் போட்டார்கள், இந்தப் பெயருள்ள ஃபில்லர்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். தோலில் அடைப்பு என்றால் ஃபில்லரைக் கரைக்கும் மருந்தை அதிக அளவில், மணிக்கொரு முறை, நிறம் திரும்பும்வரை போடுவார்கள்.

அவசரப்படவே கூடாத நேரம்

மேலே சொன்ன எந்த அடையாளமும் இல்லை, வீக்கமும் ரத்தக்கட்டும் மட்டும்தான் இருக்கிறது என்றால் முதல் 2 வாரம் எதையும் முடிவு செய்யாதீர்கள். கண்ணுக்குக் கீழே உள்ள தோல் மிக மெல்லியது, ஊசி பட்டாலே வீங்கும். ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இருப்பதும் சாதாரணம். அந்த நாட்களில் "இந்தப் பக்கம் கொஞ்சம் கம்மியா இருக்கு, டச்அப் பண்ணுங்க" என்று கேட்டு வாங்கும் ஊசி, வீக்கம் வடிந்த பிறகு அதிகப்படியாகத்தான் நிற்கும்.

உருண்டையை நீங்களே தேய்த்து அமுக்குவதும் வேண்டாம். போட்ட மருத்துவர் ஓரிரு நாளில் மெதுவாக அழுத்தி ஒழுங்குபடுத்துவது வேறு. வீட்டில் கண்ணாடி பார்த்துக்கொண்டு, முகத்தை நீவும் குவா ஷா கல்லை வைத்து இழுப்பது வேறு.

உப்பலை மறைக்க இன்னும் ஃபில்லர்

இதைத்தான் நான் எல்லாவற்றிலும் மோசமான தவறாகக் கருதுகிறேன். கண்ணுக்குக் கீழே போடுவதில் பெரும்பாலானவை ஹையலுரானிக் அமிலத்தால் ஆன ஜெல். இந்தப் பொருளுக்கு இயல்பே தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்வது. கன்னத்துக்கென்று கெட்டியாகச் செய்த ஜெல்லைக் கண்ணுக்குக் கீழே போட்டாலோ, அளவு கொஞ்சம் கூடினாலோ, ஊறிய ஜவ்வரிசி போல நாளாக நாளாக உப்பும்.

அந்த இடத்தின் உடற்கூறும் நமக்குச் சாதகமாக இல்லை. கண்குழியின் எலும்பு விளிம்பிலிருந்து கன்னத் தோல்வரை ஒரு மெல்லிய தடுப்புத் திரை ஓடுகிறது. 1997-ல் பெஸ்ஸா, கார்ஸா என்ற இரு மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். கன்னமேட்டில் ஏன் நீர் கட்டி நிற்கிறது என்பதற்கு அதுதான் விளக்கம். திரைக்கு மேலே சேரும் நீர் கீழே எளிதில் வடியாது. அங்கே, தோலுக்கு நெருக்கமாக ஃபில்லர் தங்கிவிட்டால் நிணநீர் வடிகாலும் நெருக்கப்படும். காலையில் எழும்போது அதிகம், மதியத்துக்குள் கொஞ்சம் குறைவு, உப்பான சாப்பாட்டுக்கும் மதுவுக்கும் மறுநாள் மிக மோசம், மாதவிடாய்க்கு முன்பு கூடுதல் என்று வீக்கம் ஏறி இறங்கினால் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

உப்பல் இருந்தால் அதற்குக் கீழே ஒரு பள்ளமும் தெரியும். அந்தப் பள்ளத்தைக் காட்டி, "கன்னத்தில் ஒரு சிரிஞ்ச் போட்டால் சமமாகிவிடும்" என்று சொல்கிற கிளினிக்குகள் இருக்கின்றன. போட்டால் ஒரு மாதம் சமமாகத் தெரியும். அப்புறம் முகம் முழுவதுமே அகலமாகி, கண் சிறுத்துப்போனது போலாகிவிடும். கணக்கில் கூட்டலே தவறாகிவிட்டபோது இன்னொரு கூட்டல் அதைத் திருத்தாது. நீர் பிரியும் மாத்திரையும் வேண்டாம். ஒருநாள் குறையும், காரணம் அப்படியே இருக்கும். தைராய்டு, சிறுநீரகம், மூக்கு ஒவ்வாமை இவற்றாலும் கண்ணடி வீங்கும் என்பதால், ஃபில்லர் மேல் பழி போடும் முன் அவற்றையும் பார்த்துவிடுவது நல்லது.

நீலத்தைக் கருவளையம் என்று நினைப்பது

ஃபில்லர் தோலுக்கு மிக அருகில் தங்கினால் அந்த இடம் நீலம் பாரித்துத் தெரியும். தெளிந்த ஜெல்லின் வழியாகப் போகும் ஒளியில் நீலம் அதிகமாகச் சிதறுவதுதான் காரணம். 19-ஆம் நூற்றாண்டு இயற்பியலாளர் ஜான் டிண்டலின் பெயரால் இதை டிண்டல் விளைவு என்கிறார்கள். நம் மாநிறத் தோலில் அது தெளிவான நீலமாக இல்லாமல் சாம்பல் கலந்து தெரிவதும் உண்டு. அதனால் ரத்தக்கட்டு என்றோ கருவளையம் கூடிவிட்டது என்றோ எண்ணி, நிறம் குறைக்கும் கிரீம், தோலின் மேலடுக்கை உரிக்கும் பீல் என்று மாதக்கணக்கில் செலவழிக்கிறார்கள். நிறமி இல்லாத இடத்தில் நிறமிக்கான கிரீம் என்ன செய்யும்? ரத்தக்கட்டு 2 வாரத்தில் பச்சை, மஞ்சள் என்று மாறி மறையும். மாதங்கள் கடந்தும் அப்படியே நிற்கும் நீலத்துக்கு ஃபில்லரைக் கரைப்பதே தீர்வு.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தமிழர்களில் பலருக்குக் கண்ணைச் சுற்றிய கருமை பரம்பரையாக வருவது, தோலிலுள்ள நிறமியால் வருவது, அல்லது ஒவ்வாமையில் கண்ணைக் கசக்கிக் கசக்கி வருவது. ஃபில்லர் பள்ளத்தின் நிழலை மட்டும்தான் குறைக்கும், நிறமியைத் தொடாது. தோலை மெதுவாக இழுத்துப் பார்த்தும் கருமை அப்படியே இருந்தால் அது பெரும்பாலும் நிறமி. அப்படிப்பட்டவருக்கு ஃபில்லர் போட்டு, "இன்னும் கருப்பாகவே இருக்கிறது" என்று மேலும் போடுவது தொடக்கத்திலிருந்தே தவறான வழி.

தானாகக் கரைந்துவிடும் என்று நம்பி உட்காருவது

"6 மாதம், மிஞ்சினால் ஒரு வருஷம்" என்பார்கள். கண்ணுக்குக் கீழே அசைவு குறைவு, ஜெல் மெதுவாகத்தான் சிதையும். போட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் முகத்தின் நடுப்பகுதியில் ஃபில்லர் இருப்பதை எம்ஆர்ஐ ஸ்கேன்கள் காட்டியிருக்கின்றன. "3 வருஷம் முன்பு போட்டது, இப்போது ஒன்றும் இருக்காது" என்று எடுத்துக்கொண்டு, அதன் மேலேயே புதிதாகப் போடுவது உப்பலுக்கு முக்கியமான காரணம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, கண்ணடிக் குழிக்கென்று வால்பெல்லா என்ற ஃபில்லருக்கு 2022-ல்தான் அனுமதி கொடுத்தது. அடுத்த ஆண்டு ரெஸ்டிலேன் ஐலைட் வந்தது. அதற்கு முன் அமெரிக்காவில் அந்த இடத்தில் போட்டதெல்லாம் முகத்தின் வேறு இடங்களுக்காக அனுமதி பெற்றவை. பழைய ஊசி இருப்பவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணடிப் பையை எடுக்க அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள், எத்தனை வருடத்துக்கு முன்பு போட்டதாக இருந்தாலும் ஃபில்லரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பை என்று நினைத்தது பழைய ஃபில்லரும் அது இழுத்த நீருமாக இருக்கலாம். முதலில் கரைத்து, வீக்கம் வடிய விட்டு, பிறகு பார்த்தால் சிலருக்கு அறுவையே தேவைப்படாது.

கரைப்பதிலும் தவறுகள் உண்டு

கரைக்கப் பயன்படுவது ஹையலுரானிடேஸ் என்ற நொதி. கண் மருத்துவத்துக்கு இது புதிதல்ல. கண்புரை அறுவையின்போது கண்ணைச் சுற்றிப் போடும் மரப்பு ஊசி நன்றாகப் பரவ வேண்டும் என்பதற்காக இதைக் கலந்து போடுவது பழைய வழக்கம். ஆனால் ஹையலுரானிக் அமில ஃபில்லரை மட்டும்தான் இது கரைக்கும். வேறு வகை ஃபில்லர்களான கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட், பாலி லாக்டிக் அமிலம், பிஎம்எம்ஏ, சிலிகான், உடலிலிருந்தே எடுத்துப் போட்ட கொழுப்பு இவற்றில் எதையும் தொடாது. எனவே என்ன போட்டார்கள் என்று தெரியாமல் கரைக்கப் போவது கண்மூடி நடப்பதுதான். ஃபில்லர் பெட்டியில் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள ஸ்டிக்கர் வரும். அதைக் கேட்டு வாங்கிப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்டும் தரவில்லை என்றால், தோலுக்கான அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் ஃபில்லர் எந்த ஆழத்தில், எவ்வளவு இருக்கிறது என்று பெரும்பாலும் பார்க்க முடியும். அது எந்த வகை என்று ஊகிக்கவும் முடியும்.

தேனீ, குளவி கொட்டி உடம்பெல்லாம் தடித்தவர்களோ மூச்சுத் திணறியவர்களோ அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவற்றின் விஷத்திலும் இதே வகை நொதி இருப்பதால் ஒவ்வாமை வரலாம். அவசரம் இல்லாத கரைப்பில் முன்கையில் சிறிதளவு போட்டு அரை மணி நேரம் பார்ப்பது நல்ல பழக்கம். ரத்தக்குழாய் அடைப்பு போன்ற அவசரத்தில் அந்தச் சோதனைக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

ஒரே தடவையில் எல்லாவற்றையும் கரைத்துவிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். சிறிய உருண்டை என்றால் கொஞ்சமாகப் போட்டு, ஓரிரு வாரம் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி போடுவதே நிதானமான முறை. கரைத்த அன்றும் மறுநாளும் அந்த இடம் இன்னும் வீங்கித் தெரியும், பயப்பட வேண்டியதில்லை. அதற்குப் பிறகுதான் பலருக்கு அதிர்ச்சி வருகிறது: குழி முன்பைவிட ஆழமாகிவிட்டது, என் சொந்தத் திசுவையே கரைத்துவிட்டார்கள் என்று தோன்றும். உடலின் இயற்கையான ஹையலுரானிக் அமிலமும் கொஞ்சம் கரையும் என்பது உண்மை. ஆனால் அது நம் உடலில் நாள்தோறும் சிதைந்து புதிதாக உண்டாகும் பொருள், தோலில் அதன் பாதி ஒரே நாளில் மாறிவிடும். மாதக்கணக்கில் உப்பியிருந்த தோல் கொஞ்சம் தளர்ந்திருப்பதும், இடையில் வயது கூடியிருப்பதும், பழைய குழி எப்படி இருந்தது என்று மறந்துபோனதும் சேர்ந்துதான் அந்த எண்ணத்தைத் தருகின்றன. முதல் ஃபில்லருக்கு முன் எடுத்த போட்டோ இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தக் கலக்கத்தில்தான் பலர் கரைத்த அதே வாரம் மறுபடி ஃபில்லர் போடச் சொல்கிறார்கள். குறைந்தது 2 வாரமாவது விட வேண்டும். உப்பலுக்காகக் கரைத்தவர்கள் இன்னும் அதிகம் விடுவது நல்லது.

சிவந்து வலிக்கும் கட்டி

மாதங்கள் கழித்து ஒரு கட்டி சிவந்து, சூடாகி, வலித்தால் அது வேறு கதை. தொற்றாக இருக்கலாம், காய்ச்சலுக்குப் பிறகோ தடுப்பூசிக்குப் பிறகோ உடல் ஃபில்லரை எதிர்ப்பதாகவும் இருக்கலாம். 2020-ல் மாடர்னாவின் கோவிட் தடுப்பூசிச் சோதனையில் ஃபில்லர் போட்டிருந்த சிலருக்கு முகம் வீங்கியது பதிவாகியிருக்கிறது. தொற்று இருக்கும் இடத்தில் ஆன்டிபயாடிக் இல்லாமல் கரைக்கும் நொதியைப் போட்டால் தொற்று பரவும் அபாயம் உண்டு. எடுத்ததும் ஸ்டீராய்டு ஊசி போடுவதும் சரியல்ல. கண்ணடியின் மெல்லிய தோல் அதனால் இன்னும் மெலிந்து பள்ளம் விழலாம். தேய்ப்பது, ஒத்தடம், மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

யாரிடம் போவது

அழகு நிலையத்தில் போட்டுக்கொண்ட ஃபில்லரைக் கரைக்க அங்கேயே போகாதீர்கள். ஊசி போட அவர்களுக்கு உரிமையே இல்லை. தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ, கண் இமைப் பகுதிக்கென்றே பயிற்சி பெற்ற ஆக்குலோபிளாஸ்டி நிபுணரோதான் பார்க்க வேண்டும். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் ஆக்குலோபிளாஸ்டிக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஃபில்லர் போட்டவரிடமே திரும்பிப் போவதில் தவறில்லை, அவருக்குத்தான் என்ன போட்டார் என்று தெரியும். ஆனால் தேதி, பொருளின் பெயர், அளவு மூன்றையும் எழுதித் தரத் தயங்குகிறவரிடமும், பார்த்த முதல் ஐந்து நிமிடத்திலேயே இன்னொரு சிரிஞ்சுக்கு விலை சொல்கிறவரிடமும் உங்கள் கண்ணைக் கொடுக்காதீர்கள். "ஹையலுரானிடேஸ் இப்போது கிளினிக்கில் இருப்பு இருக்கிறதா, ராத்திரி பிரச்சினை வந்தால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும்?" என்று ஊசிக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.