பழைய அமெரிக்கச் செம்புக் காசா? பளபளப்பை நம்பாதீர்கள்

1793 முதல் 1857 வரை அமெரிக்காவில் அடித்த பெரிய சென்ட் காசு வாங்குவதென்றால் முதலில் நிறத்தைப் பாருங்கள். கைமாறிப் புழங்கிய பழைய செம்பு பெரும்பாலும் சாக்லேட் பழுப்பில்தான் இருக்கும். உருவம் தேய்ந்த காசு இளஞ்சிவப்பாக மின்னினால் யாரோ கழுவித் தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். போன மேற்பரப்பு திரும்ப வராது, என்ன அரிய ஆண்டாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். 1816 முதல் 1820 வரையிலான காசுகளில் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள்: ராண்டால் புதையல் எனப்படும், புழங்காமலே கிடந்து பிறகு கிடைத்த காசுக் குவியலிலிருந்து வந்தவற்றில் அசல் செந்நிறமே மிச்சமிருக்கும், உருவமும் தேய்ந்திருக்காது.

அப்புறம், லென்ஸ் வைத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் ஓடினால் பிரஷ் போட்டிருக்கிறார்கள். வாங்கிய காசை பிவிசி உறையில் வைக்காதீர்கள், பச்சை படியும்.