செப்சிஸில் எண்டார்ஃபின்: ஜர்னல் கிளப்புக்குத் தயாராவது எப்படி

ஆய்வுக் கட்டுரைகளை அலசும் ஜர்னல் கிளப்பில், செப்சிஸில் (தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டி உறுப்புகள் பழுதாகும் நிலை) ஓபியாய்டு பெப்டைடுகள் (மார்ஃபின் போல வேலை செய்யும், உடலே சுரக்கும் சிறு புரதத் துண்டுகள்) பற்றிய கட்டுரையை உங்கள் தலையில் கட்டிவிட்டார்களா? முடிவுரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நேரே மெதட்ஸ் பகுதிக்குப் போய், எந்தப் பெப்டைடு என்று பாருங்கள். என் பிஜி மாணவர்கள் எல்லாவற்றையும் 'எண்டார்ஃபின்' என்றே சொல்லிவிடுவார்கள். 5 அமினோ அமிலம் உள்ள என்கெஃபலின், 31 உள்ள பீட்டா எண்டார்ஃபின், 17 உள்ள நோசிசெப்டின் மூன்றும் மூன்று கதை. பீட்டா எண்டார்ஃபினும், அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனும் ஒரே தாய்ப்புரதத்திலிருந்து வெட்டப்படுகின்றன. உடல் நெருக்கடியில் சிக்கினாலே இரண்டும் சேர்ந்து ஏறும். அளவு ஏறியிருப்பதை மட்டும் வைத்து, அழற்சியைக் கிளப்பியதே அதுதான் என்று எழுதியிருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

அடுத்து நலாக்சோன், அதாவது ஓபியாய்டு ஏற்பிகளை அடைத்து மார்ஃபின் போன்றவற்றின் விளைவை முறிக்கும் மருந்து. 1978இல் ஹாலடேயும் ஃபேடனும் எலிகளுக்கு எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் வெளிச்சுவர் நச்சு) செலுத்தி, ரத்த அழுத்தம் விழுந்ததும் நலாக்சோன் கொடுத்தார்கள். அழுத்தம் ஏறியது. அந்த எலிகளுக்கு யாரும் மார்ஃபின் கொடுக்கவில்லை. அப்படியானால் உடலே சுரந்த ஏதோ ஒன்றுதான் அழுத்தத்தை இறக்கியிருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த தர்க்கம் இது. ஆனால் நலாக்சோன் அவ்வளவு சுத்தமான கருவி இல்லை. அதன் கண்ணாடிப் பிம்ப வடிவம் ஓபியாய்டு ஏற்பிகளில் சரியாக ஒட்டுவதே இல்லை, இருந்தும் டிஎல்ஆர்4 என்ற நோய் எதிர்ப்பு ஏற்பியைத் தடுக்கிறது. எண்டோடாக்சினை உடல் மோப்பம் பிடிப்பதே அந்த டிஎல்ஆர்4 வழியாகத்தான்! ஆகவே நலாக்சோன் கொடுத்ததும் அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் புரதம் குறைந்தது என்று கட்டுரை சொன்னால், அந்தப் பிம்ப வடிவத்தையும் ஒப்பீட்டுக்கு வைத்தார்களா என்று தேடுங்கள். நோசிசெப்டினின் ஏற்பியை நலாக்சோன் தொடவே தொடாது. அதற்குத் தனித் தடுப்பான் வேண்டும்.

ரத்தம் எடுத்த விதத்துக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். ரத்தம் உறையாமல் காக்கும் இடிடிஏ குழாயில், நொதிகளைத் தடுக்கும் அப்ரோடினின் சேர்த்து, ஐஸில் வைத்து, குளிர் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, பிளாஸ்மாவை மைனஸ் 80இல் வைக்க வேண்டும். ஐசியூவில் நடுராத்திரி எடுத்த குழாய் நர்சிங் மேசையில் கிடந்தால் என்கெஃபலின் எதுவும் மிஞ்சாது. நொதிகள் சில நிமிடங்களிலேயே அதை நறுக்கிவிடும். இதனால்தான் இப்போது பலர் என்கெஃபலினின் தாய்ப்புரதமான புரோஎன்கெஃபலினின் நிலையான துண்டான 119-159ஐ அளக்கிறார்கள். அதிலும் ஒரு பொறி உண்டு. அந்தத் துண்டை வெளியேற்றுவது சிறுநீரகம். செப்சிஸில் சிறுநீரகம் படுத்தால் அது தானாகவே ரத்தத்தில் தேங்கும். சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின் பத்தியைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பீட்டா எண்டார்ஃபினை அளந்திருந்தால், அதே தாய்ப்புரதத்தின் நீளமான துண்டான பீட்டா லிப்போட்ரோபினையும் சேர்த்து எண்ணிவிடும் பரிசோதனைக் கிட்டா என்று கேளுங்கள்.

நோயாளிக்கு என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது என்ற பட்டியலும் வேண்டும். வென்டிலேட்டரில் இருப்பவருக்குப் பெரும்பாலும் ஃபென்டனில் என்ற ஓபியாய்டு வலி மருந்து போகும். ஷாக்குக்கு (ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியும் நிலை) ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் பிட்யூட்டரியே அடங்கிவிடும், பீட்டா எண்டார்ஃபினும் குறையும். எலி ஆய்விலும் இதே தொல்லைதான். செப்சிஸை உண்டாக்க, குடல்வாலருகே சீக்கத்தை (பெருங்குடலின் தொடக்கப் பை) கட்டி ஊசியால் துளைக்கும் மாதிரியில், வலிக்குப் புப்ரெனார்ஃபின் போட்டிருப்பார்கள். அதுவும் ஓபியாய்டுதானே! ஊசி எத்தனை கேஜ் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். துளை பெரிதானால் நோயே வேறு.

கடைசியில் யாராவது "அப்போ செப்டிக் ஷாக்குக்கு நலாக்சோன் கொடுக்கலாமா சார்?" என்று கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்திருங்கள். ஷாக் நோயாளிகளிடம் நடந்த 6 சோதனைகளை, மொத்தம் 126 பேரை, மருத்துவச் சோதனைகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வு தொகுத்துப் பார்த்தது. சராசரி அழுத்தம் சுமார் 9 மி.மீ. கூடியது, இறப்பு குறைந்ததாக நிரூபணமாகவில்லை. ஃபென்டனிலில் இருப்பவருக்கு நலாக்சோன் ஏற்றினால் வலி நிவாரணம் மொத்தமும் போய்விடும். ஆன்டிபயாடிக், திரவம், ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் என்ற வழக்கமான வரிசையில் இதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போங்கள்.