மட்டக்களப்பில் வீடு கட்ட வருவோருக்கு: உறுதி எழுதும் முன் கேட்க வேண்டியவை

வெளிநாட்டில் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டு மட்டக்களப்பிலோ அம்பாறையின் கரையோர ஊர்களிலோ குடியேற வரும் குடும்பங்கள் பெரும்பாலும் காணியின் விலையைப் பேசி, உறுதியைச் சட்டத்தரணியிடம் காட்டி, நாட்கல் வைக்க நல்ல நேரமும் கேட்ட பிறகுதான் உள்ளூராட்சி சபை அலுவலகத்தின் படியேறுகிறார்கள். இந்த ஒழுங்கை மாற்றிக்கொள்வது நல்லது. உறுதி சுத்தமாக இருந்தால் காணி யாருடையது என்பது தெரியும். அங்கே வீடு கட்டலாமா, எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாகக் கட்டலாம் என்பதை அது சொல்லாது.

அதற்கும் முன்னால் குடியுரிமை பற்றிய ஒரு விடயம் உண்டு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டுக் குடிமக்கள் இலங்கையில் காணி வாங்க முடியாது. இங்கே பிறந்து வேறு நாட்டுக் குடியுரிமை பெற்று, இரட்டைக் குடியுரிமை எடுக்காதவர்களும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். நெருங்கிய உறவினரிடமிருந்து மரபுரிமையாக வரும் காணிக்கு விலக்கு இருக்கிறது. உங்கள் நிலை எது என்பதைத் தரகரிடம் கேட்காமல் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

கட்டட அனுமதியைக் கொடுப்பது உள்ளூராட்சி சபை. நகரில் மட்டக்களப்பு மாநகர சபை, காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நகர சபைகள், கல்முனையில் மாநகர சபை, மற்ற ஊர்களில் பெரும்பாலும் பிரதேச சபைகள். 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்க, 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ்ப் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில் அந்த அதிகார சபையின் ஒழுங்குவிதிகளும் வலயங்களும் பொருந்தும். எனவே நில அளவைப் படத்தின் பிரதியோடு சபையின் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போய், இக்காணி பிரகடனப் பகுதிக்குள் இருக்கிறதா, இருந்தால் எந்த வலயம், வீதிக்கோடு (வீதிக்கென ஒதுக்கிய இடத்தின் எல்லை) எங்கே செல்கிறது என்று கேட்க வேண்டும். காணியை வாங்கும் முன்பே ஆரம்பத் திட்டமிடல் அனுமதி கோரி எழுத்தில் பதில் பெறவும் வழியுண்டு. பலர் இதை வீண் செலவென்று விட்டுவிடுகிறார்கள். வாங்கிய காணியில் கட்ட முடியாது என்று அறிவதோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் அற்பம்.

களப்புக்குக் கிழக்கே, கடற்பக்கமாக உள்ள எழுவான்கரையில் அடுத்த கேள்வி தண்ணீரைப் பற்றியது. கரையோரம் பேணல் சட்டம் 1981இல் வந்தது. சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து, அதாவது கடற்பெருக்கு வழக்கமாக ஏறிவரும் எல்லையிலிருந்து, தரைப்பக்கம் 300 மீட்டர் வரையான நிலத்தை அது கரையோர வலயமாகக் கொள்கிறது, அதற்குள் கட்டுமானம் செய்யக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவைப்படும். கடலோடு தொடுக்கும் களப்புகளும் ஆறுகளும் இதில் அடங்குவதால், கடலைக் கண்ணால் காணாத காணிகூட முகத்துவாரத்துக்குக் கிட்ட களப்போரமாக இருந்தால் இந்தச் சட்டத்துக்குள் விழக்கூடும். ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாகக் கிடக்கும் நாவலடிப் பக்கத்தில் காணி பார்ப்பவர் இரு கரையிலிருந்தும் தூரத்தை அளந்து பார்க்க வேண்டியவர். 2004 சுனாமிக்குப் பின் வடக்கு, கிழக்கில் 200 மீட்டருக்குள் கட்டத் தடை அறிவிக்கப்பட்டுப் பின்னர் தளர்த்தப்பட்டது. அந்தப் பழைய செய்தியை நம்பி அஞ்சவும் வேண்டாம், தளர்த்திவிட்டார்கள் என்ற பேச்சை நம்பிக் கட்டவும் வேண்டாம். திருக்கோவில் போல் கடலரிப்புள்ள கரைகளில், சட்டம் இடம் கொடுத்தாலும் நான் பின்தள்ளியே கட்டச் சொல்வேன்.

களப்புக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் கேள்வி வேறு. மலிவாகக் கிடைக்கும் துண்டு பெரும்பாலும் வயலாக இருக்கும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதியின்றி நெற்காணியை நிரப்பவோ வேறு தேவைக்குப் பயன்படுத்தவோ முடியாது. பக்கத்து வயலில் ஒருவர் கிரவல் கொட்டி வீடு கட்டியிருக்கிறார் என்பது உங்களுக்கு அனுமதி ஆகாது. அரச அனுமதிப்பத்திரக் காணியானால் பிரதேச செயலகத்தில் அதன் நிபந்தனைகளைப் பாருங்கள்.

இனி நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுப்பது இங்கே வழமை. ஆகவே பெற்றோர் ஒரு வளவை வாங்கும்போதே அதை இத்தனை பிள்ளைகளுக்கு என்று மனதில் பிரித்துவிடுகிறார்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் பொது விதிப்படி ஒரு துண்டு ஏறத்தாழ 6 பேர்ச்சஸ், அதாவது 150 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. சில வலயங்களில் அதைவிடக் கூடுதலாகவும் கேட்கலாம். 20 பேர்ச்சஸ் வளவை மூன்று பெண் பிள்ளைகளுக்குப் பிரித்தால் கணக்குச் சரியாகவே தோன்றும். ஆனால் அந்த வளவு 15 மீட்டர் முகப்பும் 34 மீட்டர் ஆழமும் கொண்டதாக இருந்தால், பின்னால் உள்ளவர்கள் போய்வர 3 மீட்டர் பாதை ஒன்றை ஓரத்தில் விட்டதும் முன் இரண்டு துண்டுகளின் அகலம் 12 மீட்டராகச் சுருங்கும். அவை ஒவ்வொன்றும் 150 சதுர மீட்டரை எட்ட 12.5 மீட்டர் ஆழம் வேண்டும், முழு அகலமும் கிடைக்கும் பின் துண்டுக்கு 10 மீட்டர் வேண்டும், மொத்தம் 35 மீட்டர். ஒரு மீட்டர் போதாமல் மூன்றாவது துண்டுக்குத் தனி அனுமதி இல்லாது போகிறது. இதைவிடவும் அடிக்கடி நடப்பது, மூத்தவளின் வீட்டை வளவின் நட்டநடுவில் கட்டிவிட்டு, இளையவளின் கலியாணத்தின்போது பாதைக்கு இடம் தேடுவது. முதல் வீட்டுக்கு நிலையம் எடுக்கும் (வளவில் வீடு அமையும் இடத்தைக் குறிக்கும்) முன்பே நில அளவையாளரைக் கொண்டு முழு வளவையும் பிரிப்புப் படமாக வரைந்து சபையின் அனுமதிக்குக் கொடுங்கள். பிரிக்க முடியாத அளவானால், மேல்மாடி போடத் தாங்கும் அத்திவாரத்தை இப்போதே இடுவது ஒரு வழி.

வீட்டின் படத்தைப் பொறுத்தவரை, நிலம் முழுவதையும் மூட முடியாது என்பதை நினைவில் வையுங்கள். மூன்றில் இரண்டு பங்கு என்ற பழைய அளவைக் கொண்டு பார்த்தால், 10 பேர்ச்சஸ் காணியில் நிலத்தளம் ஏறத்தாழ 1,800 சதுர அடிக்கு மேல் போகாது. பின்புறம் திறந்த இடம் விட வேண்டும், எல்லையை ஒட்டிய சுவரில் யன்னல் வைக்க இயலாது. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்க்கும் தூரம் உங்கள் கிணற்றுக்கு மட்டுமல்ல, அயலவரின் கிணற்றுக்கும் பொருந்தும். மணல் நிலமும் மேலோட்டமான நிலத்தடி நீரும் உள்ள நமது கரையில் இதில் விட்டுக்கொடுப்பை எதிர்பார்க்காதீர்கள். கொழும்பு, திருகோணமலை நெடுஞ்சாலைகளை ஒட்டிய காணிக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் வீதிக்கோடும் இருக்கும். அதற்கு வெளியே நீட்டிய போர்ட்டிக்கோவை வீதி அகலிப்பின்போது நட்டஈடின்றி இழக்க நேரிடலாம்.

நகர அபிவிருத்தி அதிகார சபையின் அபிவிருத்தி அனுமதி ஓராண்டுக்குச் செல்லுபடியாகும். வெளிநாட்டுப் பணம் தவணை தவணையாக வந்து வேலை இழுபடுமானால் காலாவதியாகும் முன்பே நீடிப்புக் கேளுங்கள். மேசனின் யோசனைப்படி நடுவில் அறையை மாற்றினால் திருத்திய படத்தையும் கொடுக்க வேண்டும், ஏனெனில் குடிபுகும் முன் சபை வந்து பார்த்து வழங்கும் இணக்கச் சான்றிதழ், கட்டிய வீடு அனுமதித்த படத்தோடு பொருந்தினால்தான் கிடைக்கும்.