எச்.டி.டி.பி.எஸ்ஸுக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எச்.டி.டி.பி. என்ற பழைய வகை முகவரியிலிருந்து, தகவல்களை மறைகுறியாக்கி அனுப்பும் எச்.டி.டி.பி.எஸ் என்ற பாதுகாப்பான முகவரிக்கு மாறினால் கூகுளில் தளம் மளமளவென்று மேலே ஏறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் தவறே அந்த எதிர்பார்ப்புதான். 2014 ஆகஸ்டில் எச்.டி.டி.பி.எஸ்ஸையும் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதாகக் கூகுள் அறிவித்தபோதே, இதற்கு எடை குறைவு, மொத்தத் தேடல்களில் 1 சதவீதத்துக்கும் குறைவானவற்றில்தான் தாக்கம் இருக்கும் என்று சொல்லிவிட்டது. பக்கத்தில் விஷயம் இல்லையென்றால், எச்.டி.டி.பி.எஸ்ஸுக்குத் தேவையான பாதுகாப்புச் சான்றிதழ் எதையும் தூக்கி நிறுத்தாது. ரேங்க் கூடும் என்று விலை அதிகமான சான்றிதழ் வாங்குவதும் வீண்செலவு. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழே இதற்குப் போதும்.

அதற்காக மாறாமல் இருந்துவிடலாமா? கூடாது. 2018 ஜூலையில் வந்த குரோம் 68 முதல், பழைய எச்.டி.டி.பி. பக்கங்கள் எல்லாவற்றுக்கும் 'பாதுகாப்பானது அல்ல' என்ற குறிப்பு முகவரிப் பட்டையில் வந்துவிடுகிறது. அதைப் பார்த்ததும் திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

உண்மையில் ரேங்க் அடிவாங்குவது பெரும்பாலும் மாறும் விதத்தில்தான். தேடுபொறிக்கு எச்.டி.டி.பி.யும் எச்.டி.டி.பி.எஸ்ஸும் வெவ்வேறு முகவரிகள். டபிள்யூ டபிள்யூ டபிள்யூ உள்ளது, இல்லாதது என்ற வித்தியாசத்தையும் சேர்த்தால் ஒரே பக்கத்துக்கு நான்கு முகவரிகள் ஆகிவிடும். நான்கும் திறந்து கிடந்தால், வெளியிலிருந்து வரும் இணைப்புகள் நாலாபக்கமும் சிதறும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்ற மூன்றையும் 301 ரீடைரக்ட் (நிரந்தரமாக வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு) மூலம் அதற்கே நேராக அனுப்புங்கள். நேராக என்பது முக்கியம். முதலில் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ சேர்த்து ஒரு தாவல், பிறகு எச்.டி.டி.பி.எஸ்ஸுக்கு இன்னொரு தாவல் என்று அலைக்கழிக்க வேண்டாம். 302 தற்காலிக மாற்றத்துக்கானது, இங்கே பொருந்தாது.

இதைவிட மோசமானது, பழைய பக்கங்கள் எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடுவது. வேலை சுலபம்தான், ஆனால் அப்படித் திருப்பியவற்றைக் காணாமல் போன பக்கங்களாகவே கூகுள் எடுத்துக்கொள்ளக்கூடும். ஒவ்வொரு பழைய பக்கமும் அதே பக்கத்தின் புதிய முகவரிக்குத்தான் போக வேண்டும்.

அப்புறம் கனானிக்கல் டேக், அதாவது பக்கத்தின் அசல் முகவரி எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு. ரீடைரக்ட் எல்லாம் ஒழுங்காக இருக்கும், ஆனால் பக்கத்தின் மூலநிரலில் 'என் அசல் முகவரி இது' என்று பழைய எச்.டி.டி.பி. முகவரியே எழுதியிருக்கும். அந்த முகவரிக்குப் போனால் அது மறுபடியும் இங்கேயே அனுப்பும். எதை நம்புவது என்று தேடுபொறி குழம்பாமல் என்ன செய்யும்? இரண்டும் ஒரே பக்கம் என்றால் கூகுள் பொதுவாக எச்.டி.டி.பி.எஸ் பக்கத்தையே விரும்பும். சான்றிதழ் செல்லாததாக இருந்தாலோ, டேக் எதிர்த்திசையைக் காட்டினாலோ அந்தச் சலுகை போய்விடலாம். சைட்மேப் (தேடுபொறிக்குத் தரும் பக்கங்களின் பட்டியல்), உள் இணைப்புகள் ஆகியவற்றிலும் பழைய முகவரி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கம் பாதுகாப்பானதாக இருந்தும் உள்ளே அழைக்கும் ஸ்கிரிப்ட், ஸ்டைல் கோப்புகள் எச்.டி.டி.பி.யில் இருந்தால் பிரவுசர் அவற்றைத் தடுத்துவிடும். வடிவமைப்பு கலையும், மெனு வேலை செய்யாது. பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் உள்ள கன்சோலைத் திறந்தால் எந்தக் கோப்பு என்று அங்கேயே தெரியும்.

தேடலில் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் பழைய முகவரியின் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு "டிராஃபிக் அத்தனையும் போச்சு" என்று பதறுவதும் நடக்கிறது. எச்.டி.டி.பி.எஸ் முகவரியைத் தனியாகச் சேருங்கள், அல்லது முழு டொமைனையும் ஒரே கணக்காகச் சேர்த்துவிடுங்கள். மாறியதும் சில வாரங்கள் ஏற்ற இறக்கம் இருப்பது சகஜம். அந்தப் பதற்றத்தில் ரீடைரக்டை நீக்கிவிடாதீர்கள். குறைந்தது ஓராண்டாவது அது இருக்க வேண்டும், நிரந்தரமாகவே இருந்தால் இன்னும் நல்லது.

தளத்தை எச்.டி.டி.பி.எஸ்ஸில் மட்டுமே திறக்கும்படி பிரவுசருக்குச் சொல்லும் எச்.எஸ்.டி.எஸ். அமைப்பை, எல்லாம் சரியான பிறகு கடைசியில் போடுங்கள், அதுவும் குறைந்த கால அளவில் தொடங்கி. அது இருக்கும்போது சான்றிதழ் காலாவதியானால், எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போகும் வழியைக்கூட பிரவுசர் தராது. அதனால் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கும்படி முதலில் அமைத்து, அது ஒரு முறையாவது ஒழுங்காக நடந்ததா என்று பார்த்துவிட்டு எச்.எஸ்.டி.எஸ். பக்கம் போங்கள்.