சமுதாய வானொலிச் சங்கத்தில் ஆண்டுப் பொதுக்குழுவும் நிர்வாகக் குழுத் தேர்தலும்: புதிய செயலாளர்களுக்கான செய்முறை விளக்கம்

குடியாத்தம் பக்கத்தில் இயங்கும் ஒரு சிறிய சமுதாய வானொலிச் சங்கத்தின் செயலாளராக இருந்து, இதுவரை இரண்டு தேர்தல்களை நடத்தியிருக்கிறேன். முதல் தேர்தலில் சத்தமில்லை, சண்டையில்லை. வாக்கு எண்ணி முடித்து எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனோம். பத்து நாள் கழித்து, தோற்ற வேட்பாளர் ஒருவர் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டார்: “வாக்களித்த இவ்வளவு பேரும் உறுப்பினர்கள்தாம் என்பதற்கு என்ன ஆதாரம்?” எங்களிடம் பதில் இல்லை. அந்தத் தேர்தலை நாங்களே ரத்து செய்து மறுபடி நடத்தினோம். இரண்டாம் முறை கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். சங்கம் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, வானொலி அனுமதியும் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதல் படி: பதவிக்காலத்தை எண்ணுங்கள்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். அவர்களுடைய பதவிக்காலம் 3 ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது. அதே ஆட்கள் மீண்டும் போட்டியிடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. உங்கள் துணைவிதி, அதாவது சங்கம் தனக்கென வகுத்துக்கொண்ட விதிகள், தடுக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காலம் முடிந்துபோன குழு கூட்டிய பொதுக்குழு செல்லுமா என்ற வாதத்துக்கு இடம் கொடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். ஆகவே, கடைசியாகத் தேர்தல் நடந்த தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் தேடிப் பிடித்து, மூன்றாண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். துணைவிதியின் பதிவு செய்யப்பட்ட நகலைத்தான் படிக்க வேண்டும். அலுவலக மேசையில் கிடக்கும் ஒளிநகல் பழைய வரைவாக இருக்கலாம். எங்களிடம் அப்படித்தான் இருந்தது.

இரண்டாம் படி: தேதி

நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. தணிக்கை முடிந்த கணக்கு கையில் இல்லாமல் பொதுக்குழுவைக் கூட்டுவது வீண். எங்கள் துணைவிதி செப்டம்பர் 30ஐக் கடைசி நாளாக வைத்திருக்கிறது. நாங்கள் ஜூலைக்குக் குறி வைக்கிறோம். மே மாதத்தை நினைத்தே பார்க்காதீர்கள்: வேலூர் வெயில் ஒருபுறம் இருக்க, வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்றால் குடியாத்தத்தில் ஒருவரும் கூட்டத்துக்கு வர மாட்டார்கள். ஜூலையிலும் ஆடிக் கிருத்திகை எந்த நாளில் விழுகிறது என்று நாள்காட்டியைப் பார்த்துவிடுங்கள். அன்று பாதி உறுப்பினர்கள் காவடியோடு வள்ளிமலையில் இருப்பார்கள். பீடி சுற்றும் பெண்களும் தோல் தொழிற்சாலைக்குப் போகிறவர்களும் உறுப்பினர்களாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணியைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாம் படி: உறுப்பினர் பதிவேடு

நாங்கள் தடுக்கி விழுந்த இடம் இதுதான். ஆகவே இங்கே சற்று நேரம் நிற்கிறேன்.

மற்ற சங்கங்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் வானொலிச் சங்கத்துக்கு உண்டு. எட்டு வருடமாக விவசாய நிகழ்ச்சி நடத்தும் அண்ணனின் குரல் ஊர் முழுக்கத் தெரியும்; ஆனால் அவர் ஒருநாளும் உறுப்பினர் விண்ணப்பம் கொடுத்ததில்லை, சந்தா கட்டியதில்லை, அப்படி ஒன்று தேவை என்று அவருக்கு யாரும் சொன்னதுமில்லை. நேயர், தன்னார்வலர், நிகழ்ச்சி நடத்துபவர், ஊதியம் பெறும் ஊழியர், சங்க உறுப்பினர் ஆகிய ஐந்து பேரும் ஐந்து வேறு ஆட்கள். ஒருவரே இரண்டாகவோ மூன்றாகவோ இருக்கலாம். ஆனால் வாக்கு உறுப்பினருக்கு மட்டுமே. முதல் தேர்தலில் நாங்கள் இந்தக் கோட்டைப் போடவில்லை. நிலையத்துக்குத் தினம் வந்து போகிறவர்களை வாசலில் நிறுத்தி “நீங்கள் உறுப்பினரா?” என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை, அந்தக் கூச்சத்தின் விலைதான் இரண்டாவது தேர்தல்.

சங்கங்கள் பதிவு விதிகளில் உறுப்பினர் பதிவேட்டுக்கென்றே படிவம் 6 இருக்கிறது. அதைத் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் மூன்று காகிதங்களைத் தேடுங்கள்: கையெழுத்திட்ட விண்ணப்பம், அவரைச் சேர்த்துக்கொண்ட நிர்வாகக் குழுத் தீர்மானம், சந்தா ரசீதின் அடிக்கட்டை. மூன்றும் இருந்தால் பெயர் நிற்கும். தீர்மானம் மட்டும் விடுபட்டிருந்தால், இப்போதே குழுவைக் கூட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பழைய தேதியைப் போடாதீர்கள். பழைய தேதியிட்ட ஒரு தீர்மானம் பிடிபட்டால், நேர்மையாக எழுதிய மற்ற முப்பதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பெயர்களில்தான் அடுத்த குழப்பம். எங்கள் பதிவேட்டில் ‘கோ. லட்சுமி’ நான்கு பேர் இருந்தார்கள். கல்யாணமான பிறகு தந்தையின் முதலெழுத்தை விட்டுக் கணவரின் முதலெழுத்தைப் போட்டுக்கொண்டதால், ஒரே பெண்மணி இரண்டு இடத்தில் பதிவாகியிருந்தார். பேரணாம்பட்டுப் பக்கத்து உருது பேசும் உறுப்பினர்களின் பெயர்கள் ஒருவர் எழுதியபோது ‘ஷம்ஷாத்’, இன்னொருவர் எழுதியபோது ‘சம்சாத்’. ஆகவே பெயரை நம்பாதீர்கள்; உறுப்பினர் எண்ணை நம்புங்கள். எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், ஊர், சேர்ந்த தேதி, கடைசியாகச் சந்தா கட்டிய தேதி என்று ஆறு கட்டங்கள் போதும்.

கணினியில் செய்வதானால் லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற இலவச விரிதாள் மென்பொருள் போதும். ஆனால் யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பாமினி எழுத்துருவில் இருந்த எங்கள் பழைய பட்டியலை அகரவரிசைப்படுத்தியபோது, உள்ளே ஆங்கில விசை வரிசைதான் இருக்கிறது என்பதால், ஆறுமுகமும் வேலாயுதமும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். எனினும் இறுதி ஆவணம் பக்க எண் அச்சிட்ட கட்டுப் புத்தகமாகவே இருக்கட்டும் என்பது என் பிடிவாதம். கணினிக் கோப்பை யார் எப்போது மாற்றினார் என்று சபையில் காட்ட முடியாது. மையை அடித்து எழுதினால் எல்லோருக்கும் தெரியும்.

குடியிருப்புத் தகுதி இருந்தால் அதையும் சரிபார்க்க வேண்டும். எங்கள் துணைவிதி ‘ஒலிபரப்பு எல்லைக்குள் வசிப்பவர்’ என்கிறது. சமுதாய வானொலிக்கு வழக்கமாக அனுமதிக்கப்படும் 100 வாட் சக்தி சமவெளியில் 10 முதல் 15 கிலோமீட்டர் வரை கேட்கும். இடையில் மலை வந்தால் அதற்கு முன்பே நின்றுவிடும். ‘எங்கள் தெருவில் கேட்கிறது, மாடியில் கேட்கிறது’ என்ற வழக்கைத் தீர்க்க முடியாமல், கடைசியில் ஊர்ப் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் துணைவிதியில் சேர்த்தோம். துணைவிதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும்: 21 நாள் முன்னறிவிப்பும், கூட்டத்தில் வந்து வாக்களிக்க உரிமையுள்ளவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரவும். ஆகவே அதைத் தேர்தல் அவசரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சரிபார்த்த பட்டியலை நிலையத்தின் வாசலில் ஒட்டி, ஆட்சேபணைக்கு 10 நாள் கொடுங்கள். வரும் ஆட்சேபணைகளுக்கு எழுத்தில் பதில் சொல்லி, இறுதிப் பட்டியலில் தேர்தல் அலுவலரின் கையொப்பம் வாங்கிவிட்டால், முக்கால்வாசித் தேர்தல் அன்றே முடிந்துவிட்டது.

நான்காம் படி: அறிவிப்பு

இடம், நாள், நேரம், பொருள் நிரல் ஆகிய நான்கும் எழுத்தில் போக வேண்டும். ‘இதர விஷயங்கள்’ என்ற தலைப்பின் கீழ்த் தேர்தலை நடத்த முடியாது. ‘நிர்வாகக் குழுத் தேர்தல்’ என்று தனி வரியாக எழுதுங்கள். நாங்கள் எல்லா அறிவிப்புக்கும் 21 நாள் வைத்துக்கொள்கிறோம்.

பழைய துணைவிதிகள் பலவற்றில் ‘சான்றிட்ட அஞ்சல்’ (கடிதத்தை அனுப்பியதற்குத் தபால் நிலையம் சான்று தரும் முறை) என்று இருக்கும். அஞ்சல் துறை அந்தச் சேவையை 2011இலேயே நிறுத்திவிட்டது. பதிவுத் தபாலும் 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. என் சிபாரிசு, ஊருக்குள் நேரில் கொடுத்து ஒப்புகை நோட்டில் கையெழுத்து வாங்குவது. வெளியூருக்கு மட்டும் விரைவுத் தபால். வாட்ஸ்அப் நினைவூட்டலுக்கு நல்லது. ஆதாரமாக அதை மட்டும் நம்ப வேண்டாம்.

வானொலியிலும் தினம் இரண்டு வேளை அறிவியுங்கள். அது எழுத்து அறிவிப்புக்கு ஈடாகாது என்றாலும், ‘எனக்குத் தெரியவே தெரியாது’ என்ற குரலை அடக்கும். ஒலிபரப்பான நிகழ்ச்சிகளை 3 மாதம் பாதுகாக்க வேண்டும் என்ற அனுமதி நிபந்தனை எப்படியும் இருக்கிறது; இந்த அறிவிப்புகளை மட்டும் தனியே நகலெடுத்து, 3 மாதத்துக்குப் பிறகும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வேட்புமனுவும் ஒலிவாங்கியும்

தேர்தல் அலுவலராக உறுப்பினர் அல்லாத ஒருவரை அழையுங்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் நல்ல தேர்வு. மனுவில் முன்மொழிபவரும் வழிமொழிபவரும் இறுதிப் பட்டியலில் இருக்கிறார்களா என்று உறுப்பினர் எண்ணைக் கொண்டு பாருங்கள்.

மனுத்தாக்கல் செய்த நிகழ்ச்சி நடத்துபவர், வாக்கெண்ணிக்கை முடியும் வரை ஒலிபரப்பில் பேசக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எந்தத் துணைவிதியிலும் அதை நான் பார்த்ததில்லை. குழுத் தீர்மானமாக நிறைவேற்றினோம். தினம் காலையில் ஆயிரம் வீட்டில் கேட்கும் குரலோடு, ஒரு தறி நெசவாளி எப்படிப் போட்டியிடுவார்? மறு ஒலிபரப்பும் கூடாது என்று சேர்த்து எழுதுங்கள். நாங்கள் அதை எழுதாமல் விட்டதால், ஒரு வேட்பாளரின் பழைய நாட்டு மருத்துவத் தொடர் வாக்குப்பதிவுக்கு முதல் நாள் இரவு சாவதானமாக ஒலித்தது.

ஆறாம் படி: வாக்குச்சீட்டு

வாக்குச்சீட்டுக்கு அடிக்கட்டை வேண்டும். வரிசை எண்ணும் உறுப்பினரின் கையொப்பமும் அடிக்கட்டையில் மட்டும் இருக்க வேண்டும். சீட்டில் வந்தால் ரகசியம் போயிற்று. பெயர்களைத் தமிழ் அகரவரிசையில் அச்சிட்டு, படிக்கத் தெரியாதவர்களுக்காக எளிய சின்னங்கள் வையுங்கள். நாங்கள் குடை, பூட்டு, தறி நாடா, முள்ளுக் கத்தரிக்காய் என்று வைத்தோம். வானொலிப் பெட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை. அது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

7 இடங்களுக்கு 11 பேர் நின்றால், ‘7 பேருக்கு வாக்களிக்கவும்’ என்று எழுதாதீர்கள். ஐந்து பேருக்கு மட்டும் முத்திரை குத்திய சீட்டு செல்லுமா என்ற சண்டை அங்கேதான் தொடங்குகிறது. ‘7 பேருக்கு மிகாமல்’ என்று எழுதுங்கள். எட்டாவது முத்திரை விழுந்தால் சீட்டு முழுவதும் செல்லாது என்றும் அதன் கீழேயே அச்சிடுங்கள். சம வாக்கு வந்தால் குலுக்கல் என்பதையும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். பதிலாள் மூலம் வாக்களிப்பது உங்கள் துணைவிதி அனுமதித்தால் மட்டுமே உண்டு, எங்களிடம் இல்லை.

ஏழாம் படி: கூட்டம்

வருகைப் பதிவேடு, குறைவெண் வரம்பு (கூட்டம் செல்லக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு) அறிவிப்பு, சென்ற கூட்டக் குறிப்பு, ஆண்டறிக்கை, கணக்கு, தணிக்கையாளர் நியமனம், அதன் பிறகு தேர்தல். கணக்கில்தான் கேள்விகள் வரும். சமுதாய வானொலிக்கு மணிக்கு 5 நிமிடமாக இருந்த விளம்பர நேரம் 7 ஆகி, 2024 வழிகாட்டு நெறிகளில் 12 ஆகியிருக்கிறது. ‘நேரம் கூடியதே, வருமானம் ஏன் கூடவில்லை?’ என்று எங்களிடம் கேட்டார்கள். விற்ற நிமிடங்களையும் விற்காத நிமிடங்களையும் மாதவாரியாக ஒரு தாளில் போட்டுக் கொடுத்த பிறகுதான் சபை அமைதியானது.

வானொலிக்காரர்கள் என்பதால் கூட்டத்தை ஒலிப்பதிவு செய்யாமல் இருக்க மாட்டீர்கள், செய்யுங்கள். ஆனால் தீர்மானங்களை அங்கேயே கையால் எழுதி, சபையில் வாசித்து, தலைவரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். சாப்பாட்டை வாக்குப்பதிவு முடிந்த பிறகே பரிமாறுங்கள். பிரியாணியின் மணம் வந்துவிட்டால் வரிசை கலைந்துவிடும்.

எட்டாம் படி: காகிதங்கள்

புதிய குழுவின் விவரங்களைப் படிவம் 7இல் சங்கப் பதிவாளரிடம் தாமதிக்காமல் தாக்கல் செய்யுங்கள். தீர்மான நகல், அறிவிப்பு நகல், வருகைப் பதிவேட்டின் நகல் மூன்றையும் உடன் இணையுங்கள். வங்கிக் கையொப்பத்தை மாற்றத் தீர்மானத்தின் சான்றிட்ட நகல் வேண்டும். ஒலிபரப்பு அனுமதி சங்கத்தின் பெயரில் இருக்கிறது, தலைவரின் பெயரில் இல்லை; அதைப் பிறருக்கு மாற்றித் தரவும் முடியாது. ஆகவே தோற்ற தலைவர் அனுமதி ஆவணத்தின் மூலப்பிரதியை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல், அன்றே பட்டியலிட்டு ஒப்படைக்கச் சொல்லுங்கள். மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் அந்தப் பட்டியலில் சேருங்கள்.

பிற்சேர்க்கை 1: இதைப் படித்த வாலாஜாப்பேட்டை நண்பர் ஒருவர், 2019இல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்த பிறகு எங்கே தாக்கல் செய்வது என்று கேட்டிருந்தார். வருவாய் மாவட்டமும் பதிவு மாவட்டமும் ஒன்றல்ல. ஆட்சியர் அலுவலகம் மாறியதை வைத்து முடிவு செய்யாமல், உங்கள் ஊர் எந்தப் பதிவு மாவட்டத்தில் வருகிறது என்று அருகிலுள்ள சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

பிற்சேர்க்கை 2: இரண்டு தரப்பும் தனித்தனியே படிவம் 7 கொடுத்தால் என்ன ஆகும் என்று இன்னொருவர் கேட்டார். எந்தத் தேர்தல் செல்லும் என்ற வழக்கை முடிவாகத் தீர்க்கும் அதிகாரம் பதிவாளருக்கு இல்லை; உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. வழக்கு நடக்கும் ஆண்டுகளில் காசோலையில் யார் கையெழுத்திடுவார் என்பதே தெரியாமல், நிலையத்தின் மின்கட்டணம் கூட நின்றுபோகும். அந்த நிலைக்குப் போவதற்குள், மூன்றாம் படியில் சொன்ன விண்ணப்பம், தீர்மானம், ரசீது மூன்றையும் இரு தரப்புக்கும் நடுவே மேசையில் வைத்து, ஒவ்வொரு பெயராகப் பார்த்துவிடுங்கள்.