வன்னியில் தேசியும் தோடையும்: ஒட்டுக்கட்டைத் தேர்வும் தண்ணீரும்

வன்னியில் தேசி, தோடை வைப்பவர்கள் கோடையை மட்டும் எண்ணி ஒட்டுக்கட்டை, அதாவது ஒட்டுக்கன்றின் வேரும் அடித்தண்டுமாக இருக்கும் மரவகை, தேடுகிறார்கள். கார்த்திகையில் வேரடியில் தேங்கும் வெள்ளத்தையும் எண்ண வேண்டும். வறட்சிக்குப் பேர்போன கட்டைகளில் சில அந்த வெள்ளத்தில்தான் அழுகுகின்றன.

ரஃப் லெமன் (முரட்டுத்தோல் எலுமிச்சை) கட்டையின் வேர் ஆழமாகவும் அகலமாகவும் ஓடும். வவுனியா, மாங்குளப் பக்கத்து மேட்டுச் செம்மண்ணுக்குப் பொருந்தும். ஆனால் பைற்றோப்தரா என்ற கிருமியால் வரும் அடியழுகல் இதைச் சுலபமாகப் பிடிக்கும். தோடம்பழத்தின் இனிப்பும் சற்றுக் குறையும். வயலோரப் பள்ளக்காணிக்கு இது வேண்டாம். ரங்பூர் லைம் வறட்சியோடு உப்பையும் ஓரளவு தாங்கும். பூநகரி, முல்லைத்தீவுக் கரையோரம்போலக் கிணறு சவராக இருந்தால் கிளியோபற்றா மண்டரின் நல்லது, காய்க்கத்தான் சுணங்கும். ட்ரைஃபோலியேற் (மூவிலைத் தோடை) கட்டை அடியழுகலை எதிர்க்கும். வறட்சியும் சுண்ணாம்பு மண்ணும் அதற்கு ஆகாது. புளித்தோடைக் கட்டையில் ஒட்டிய தோடை, அழுக்கணவன் பரப்பும் ட்ரிஸ்டேசா வைரசால் பட்டுப்போகும். கட்டையின் பெயர் சொல்லத் தெரியாத நாற்றுமேடையில் கன்று வாங்காதீர்கள்.

ஐப்பசி மழையோடு நடுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடியாகக் கிடங்கு வெட்டி, மேல்மண்ணோடு மக்கிய மாட்டெரு கலந்து நிரப்பி, அதன்மேல் ஒரு அடி உயர மேடு கட்டி அதில் கன்றை வையுங்கள். ஒட்டு மூட்டு நிலத்துக்கு 6 அங்குலமாவது மேலே நிற்கட்டும். மூட்டுக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளாமல் விட்டால் ஒட்டு நலிந்து கட்டையே மரமாகிவிடும். கட்டை ரஃப் லெமனானால் பிறகு தோடையில் முரட்டுத்தோல் எலுமிச்சைதான் காய்க்கும்.

தண்ணீர்க் கணக்கு இப்படி: மரத்தின் இலைக்குடை 10 அடி அகலமென்றால் பரப்பு ஏறத்தாழ 7 சதுர மீற்றர். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று வைத்து, அதைப் பரப்பாலும், மரம் எடுக்கும் பங்கான 0.7 ஆலும் பெருக்கினால் நாளுக்கு 25 லீற்றர். செம்மண்ணில் 3 நாளுக்கு ஒருதடவை 75 லீற்றர் விடலாம். மணலில் 2 நாளுக்கு 50. தண்டடியில் ஊற்றாமல் குடையின் ஓரத்து வட்டப்பாத்தியில் விடுங்கள். வைக்கோல் 4 அங்குலம் பரப்பி, தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக இருக்கட்டும்.

மதியம் சுருண்ட இலை மாலையில் விரிந்தால் பயமில்லை. காலை 8 மணிக்கும் சுருண்டிருந்தால் தண்ணீர் பிந்திவிட்டது. மண் ஈரமாயிருந்தும் இலைநுனி கருகினால் உப்பைச் சந்தேகியுங்கள். அங்கே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது உப்பை மேலேயே குவிக்கும்.

பூத்ததிலிருந்து காய் போளையளவு ஆகும்வரை காயவிட்டால் பிஞ்சு கொட்டும். தேசியில் பருவம் தப்பிய பூ வேண்டுமென்றால், வளர்ந்த மரத்துக்கு 3, 4 கிழமை தண்ணீரை நிறுத்திவிட்டு மீண்டும் விடலாம். மணல் காணியில் இந்த விளையாட்டு வேண்டாம். புரட்டாதியில் காய்ந்து கிடந்த மரத்தில் ஐப்பசி மழை விழுந்தால் காய் வெடிக்கும். ஆகவே புரட்டாதி முழுக்கத் தண்ணீர் சீராகப் போக வேண்டும்.

மழைக்குப் பிறகு தண்டடியைப் பாருங்கள். பிசின் வடிந்தால் அழுகிய பட்டையைச் சுரண்டி எடுத்து, 100 கிராம் துருசும் (செப்பு சல்பேற்று) 100 கிராம் சுண்ணாம்பும் தனித்தனியே அரை லீற்றர் தண்ணீரில் கரைத்து, பிளாஸ்ரிக் வாளியில் ஒன்றுசேர்த்துப் பூசுங்கள். இரும்புப் பாத்திரத்தைத் துருசு அரித்துவிடும்.